கார் ஓட்டத் தெரிந்தவருக்கு லாரி ஏன் அடங்க மறுக்கிறது?

கேள்வி: பத்து ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன், வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. சரக்கு லாரி ஓட்டும் வேலைக்குப் போகும் எண்ணத்தில் மூன்று வாரங்களாகப் பயிற்சி எடுத்து வருகிறேன். நேர்ச்சாலையில் சிக்கல் இல்லை. ஆனால் திருப்பங்களில் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிடுகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி குலுங்கி நிற்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று குழம்பிவிடுகிறேன். இன்னும் ஒரு மாதத்தில் ஓட்டுநர் தேர்வு. என் கார் அனுபவம் எனக்கு உதவுகிறதா, தடையாக நிற்கிறதா? மிச்சமுள்ள நாட்களில் எதைப் பழக வேண்டும்?

பதில்: உங்கள் அனுபவம் கண்ணுக்கு உதவுகிறது, கைக்கும் காலுக்கும் தடையாக நிற்கிறது. எதிரே வருபவர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பழக்கத்தை நீங்கள் பத்து ஆண்டுகளில் சம்பாதித்திருக்கிறீர்கள். அதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் காரில் நீங்கள் ஏறக்குறைய வண்டியின் நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் ஓர் இடத்தைக் கடந்துவிட்டால் காரும் கடந்துவிட்டது என்று உடம்பு கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறது. லாரியில், அதிலும் எஞ்சினுக்கு மேல் கேபின் அமைந்த வகையில், உங்கள் இருக்கை முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. நீங்கள் கடந்த பிறகுதான் வண்டி முழுவதும் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. திருப்பமும் ரிவர்ஸும் தனித்தனிச் சிக்கல்கள் என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் வேர் இதுதான். பிரேக் மட்டும் வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, அதற்கு உள்ளே குறுக்கு வழியில் வருகிறது என்பது எந்த நான்கு சக்கர வண்டிக்கும் பொருந்தும். எவ்வளவு உள்ளே வருகிறது என்பதுதான் வேறுபாடு. முன் அச்சின் நடுப்புள்ளி 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.5 மீட்டர் உள்ள காரில், பின் அச்சு ஏறத்தாழ 9.7 மீட்டர் ஆரத்தில் சுற்றும். அதாவது முப்பது சென்டிமீட்டர் அளவுக்கே உள்ளே வரும். அதே இடைவெளி 6 மீட்டர் உள்ள லாரியில், பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில் சுற்றும். உள்வாங்கல் முழுதாக இரண்டு மீட்டர். பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான் இது. பத்தின் வர்க்கத்திலிருந்து ஆறின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் எட்டு வரும். ஒரு தெருமுனைத் திருப்பம் முழு வட்டம் அல்ல என்பதால் அங்கே உள்வாங்கல் இதைவிடக் குறையலாம். ஆனால் ஓரக்கல்லில் ஏறுவதற்கு இரண்டு மீட்டர் தேவையில்லை, ஓர் அடி போதும்.

இதற்குப் பலர் சொல்லும் வழி, திருப்பத்துக்கு முன்பே வண்டியை எதிர்ப்பக்கம் அகல ஒதுக்கிவிட்டுப் பிறகு திருப்புவது. அதை நான் ஏற்பதில்லை. அப்படி ஒதுக்கும்போது ஓரப்பக்கத்தில் திறக்கும் வெற்றிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளோ மிதிவண்டியோ நுழைந்துவிட்டால், நீங்கள் திருப்பும் நேரத்தில் அவர் பின்சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். அகலமாகப் போக வேண்டிய இடம் திருப்பத்துக்கு முன்னால் இல்லை, திருப்பத்தின் நடுவில் இருக்கிறது. ஓரத்தோடு சீரான இடைவெளி விட்டு நேராகவே வாருங்கள். காரில் ஸ்டியரிங்கை ஒடிக்கத் தொடங்கும் இடத்தைத் தாண்டியும் நேராகப் போங்கள். உங்கள் இருக்கை திருப்பத்தின் முனையை நன்றாகக் கடந்த பிறகு, நடக்கும் வேகத்தில், ஸ்டியரிங்கை விரைவாகவும் முழுமையாகவும் ஒடியுங்கள். முதல் சில நாட்கள் வண்டி எதிர்ச்சுவரில் மோதப்போவதுபோல் தோன்றும். அந்த அச்சத்தில்தான் எல்லோரும் சீக்கிரம் ஒடிக்கிறார்கள். சீக்கிரம் ஒடிப்பதால்தான் பின்சக்கரம் கல்லில் ஏறுகிறது.

ஒடிக்கத் தொடங்கியதும் பார்வை முன்கண்ணாடிக்கும் திரும்பும் பக்கத்தில் உள்ள பக்கக்கண்ணாடிக்கும் மாறி மாறிப் போக வேண்டும். பின்சக்கரம் ஓரக்கல்லை நெருங்குவது அந்தப் பக்கக்கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். தெரிந்தவுடன் ஸ்டியரிங்கைச் சற்று விட்டுக்கொடுத்தால் போதும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல் இரண்டு நாட்கள் என்னை ஓட்டவே விடவில்லை. மைதானத்தில் தள்ளி நின்று, வேறொருவர் திருப்பும்போது பின்சக்கரம் எந்த வழியில் போகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். வீண்வேலை என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது அதன் பின்மூலை மறுபக்கம் வீசும். ஓரத்தில் நிறுத்திய லாரியை ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வெளியே எடுப்பவர்கள், பின்மூலையால் நடைபாதையில் இருக்கும் கம்பத்தையோ நிற்பவரையோ தட்டுவது இப்படித்தான்.

ரிவர்ஸில் குழப்பம் ஏற்படுவதற்குக் காரணம் விதி மாறியிருப்பதல்ல. டிரெய்லர் இல்லாத ஒற்றை லாரியில், காரைப் போலவே, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறீர்களோ அந்தப் பக்கமே வண்டியின் பின்பகுதி போகும். காரில் தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள்; இங்கே இரண்டு பக்கக்கண்ணாடிகள் மட்டுமே இருக்கின்றன; ஒவ்வொன்றும் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடப்பக்கக் கண்ணாடியில் வண்டிக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் சிறிது ஒடியுங்கள்; விலகத் தொடங்கியதும் நேராக்குங்கள். பெரும்பாலானோர் தவறுவது ஒடிப்பதில் இல்லை, நேராக்கத் தாமதிப்பதில். டிரெய்லர் இணைத்த வண்டியில் மட்டுமே நேர்மாறு: டிரெய்லரின் பின்பகுதி வலப்பக்கம் போக வேண்டுமானால், தொடக்கத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். உங்கள் தேர்வு ஒற்றை லாரிக்கு என்றால் அதை இப்போது மனத்தில் ஏற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குவிந்த கண்ணாடியில் தெரியும் பொருள் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும் என்பதையும், நேர்பின்னால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாத ஒரு பகுதி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். ஐயம் வந்தால் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் போய்ப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபது ஆண்டு ஓட்டியவர்களும் இறங்கிப் பார்க்கிறார்கள். தேர்வில் எத்தனை முறை நிறுத்தலாம், இறங்கலாம் என்பதற்குச் சில இடங்களில் வரம்பு வைத்திருப்பதால், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி பிரேக். காரில் உங்கள் காலின் அழுத்தம் எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. ஏர் பிரேக் உள்ள லாரியில் கால் திறப்பது ஒரு வால்வை மட்டுமே. வேலையைச் செய்வது டேங்கில் அடைத்து வைத்த காற்று. பெடலை எவ்வளவு தூரம் மிதிக்கிறீர்களோ அந்த அளவுக்குக் காற்று போகும். காற்று குழாய்களில் பயணம் செய்து சக்கரத்தை அடைய அரை நொடி அளவுக்கு ஆகும்; மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடிக்குள் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். இந்தத் தாமதம்தான் உங்களை ஏமாற்றுகிறது. மிதித்ததும் வண்டி பிடிக்கவில்லை என்று எண்ணி இன்னும் அழுத்துகிறீர்கள், அதற்குள் முதலில் அனுப்பிய காற்றும் இரண்டாவதாக அனுப்பியதும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன, வண்டி குலுங்குகிறது. சீக்கிரமாகவும் லேசாகவும் மிதித்து, அது பிடிக்கும் வரை காலை அசைக்காமல் வைத்திருந்து, வண்டி நிற்பதற்குச் சற்று முன்பு சிறிது தளர்த்திப் பழகுங்கள். விட்டுவிட்டு மிதிக்கும் பழக்கம் இருந்தால் கைவிடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் டேங்கிலிருந்து காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். பயிற்சி பெரும்பாலும் காலி லாரியில் நடப்பதும் குலுங்கலுக்கு ஒரு காரணம். பாரத்துக்கென்று அமைத்த பிரேக்கும் விறைப்பான ஸ்பிரிங்குகளும் காலி வண்டியில் சக்கரத்தை எளிதில் பூட்டிவிடுகின்றன.

காற்றழுத்தக் கேஜைப் படிக்கத் தெரியாமல் தேர்வுக்குப் போகாதீர்கள். வழக்கமான அழுத்தம் பெரும்பாலான லாரிகளில் 7 முதல் 8.5 பார், அதாவது சுமார் 100 முதல் 125 பிஎஸ்ஐ வரை இருக்கும். 4 பார் அளவுக்கு இறங்கினால் எச்சரிக்கை விளக்கோ ஒலியோ வரும். வந்தால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மேலும் இறங்கினால், காற்றால் அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் வலுவான ஸ்பிரிங்குகள் விடுபட்டுச் சக்கரத்தைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். லாரியின் ஹேண்ட் பிரேக்கும் இதே ஸ்பிரிங்குகளால்தான் இயங்குகிறது: காற்று உள்ளே வந்தால் விடுபடும், வெளியேறினால் பிடிக்கும். காரில் ஏறியதும் கிளம்பலாம். இங்கே காற்று ஏறும் வரை காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

கியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்றுகளுக்குள் நன்றாக இழுக்கும். மீட்டரில் பச்சையாகக் காட்டியிருக்கும் பகுதியை விட்டு வெளியே போகாமல் இருந்தால் போதும். ஒரு விதிவிலக்கு இறக்கம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதியில் மாற்றப் பார்த்தால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் பறக்கக்கூடும். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து, பிரேக் பிடிப்பதே குறைந்துவிடும். எஞ்சினும், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினை மந்தப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வண்டியைத் தாங்க வேண்டும். கால் பிரேக் இடையிடையே உதவ வேண்டும்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை நொடியில் எண்ணுங்கள். வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஒரு நொடி, நெடுஞ்சாலை வேகத்தில் இன்னும் ஒரு நொடி கூடுதலாக என்பது பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு. 9 மீட்டர் லாரிக்கு மூன்று நொடி, வேகச்சாலையில் நான்கு. அந்த இடைவெளியில் யாராவது கார் ஓட்டுபவர் புகுந்தால் கோபப்படாமல் மறுபடியும் பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வில் பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும்: கிளம்பும் முன் வண்டியைச் சுற்றிப் பார்ப்பது, மூடிய இடத்தில் ரிவர்ஸ் முதலிய கையாளல், பிறகு சாலை. முதலாவதை ஒப்பிப்பதாக நினைத்துவிடாதீர்கள். சக்கர நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம், இரட்டைச் சக்கரங்களின் நடுவில் சிக்கிய கல் ஓட்டத்தில் தெறித்து விழும், உஸ்ஸென்ற ஓசை காற்றுக் கசிவைக் காட்டும் என்று காரணத்தோடு சொல்பவரைத் தேர்வாளர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். சாலையில் ஓரக்கல்லில் ஏறுவதும், மேட்டில் வண்டியைப் பின்னோக்கி உருள விடுவதும், கண்ணாடி பார்க்காமல் தடம் மாறுவதும்தான் அதிகம் பேரைத் திருப்பி அனுப்புகின்றன. கண்ணாடி பார்ப்பதைக் கண்ணை மட்டும் அசைத்துச் செய்யாமல் தலையையும் சற்றுத் திருப்பிச் செய்யுங்கள். நீங்கள் பார்த்தீர்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

எந்த வண்டியில் தேர்வு கொடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். உரிமம் தேவைப்படும் எடை வரம்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் பொதுவாக 3,500 கிலோவைத் தாண்டினால் லாரி உரிமம் வேண்டும், அமெரிக்காவில் 26,001 பவுண்டு முதல் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஆட்டோமேட்டிக் லாரியில் தேர்வு கொடுத்தால் கைக்கியர் லாரி ஓட்ட முடியாதபடி உரிமத்தில் கட்டுப்பாடு போடும் நாடுகளும் உண்டு. உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலையில் எந்த வண்டி என்று கேட்டுவிட்டுத் தேர்வு வண்டியை முடிவு செய்யுங்கள்.

மிச்சமுள்ள நான்கு வாரங்களில் முதல் வாரம் முழுவதையும் மைதானத்துக்கே கொடுங்கள். ஒரு மூலையைச் சுண்ணாம்பால் வரைந்து, அதைச் சுற்றித் திருப்பி, இறங்கிப் போய்ப் பின்டயரின் தடம் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாண் இடைவெளியோடு தொடர்ந்து பத்து முறை வரும் வரை சாலைக்குப் போக வேண்டாம். அடுத்த இரண்டு வாரங்கள் சாலையில் ஓட்டும்போது, கண்ணாடியில் காண்பதையும் அடுத்துச் செய்யப்போவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். பயிற்சியாளர் சிரித்தால் சிரிக்கட்டும். கடைசி வாரம் தேர்வுக்குக் கொண்டுபோகும் அதே லாரியில் பழகுங்கள், ஒரு நாளாவது பாரம் ஏற்றி ஓட்டக் கேளுங்கள். தேர்வே காலி வண்டியில் நடந்தாலும், வேலையில் முதல் நாள் உங்கள் கைக்கு வருவது பாரம் ஏற்றிய வண்டியாகத்தான் இருக்கும்.