வாசகர் கேள்வி – பதில்: பெயர்ப்பட்டையைக் கழற்றும் நாள் வரை

மோர்மன் என்று பரவலாக அறியப்படும் கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகளைப் பற்றி, அதாவது தங்கள் மதத்தைப் பரப்ப வெளியூர்களுக்கு ஊழியம் செய்யப் போகும் இளைஞர்களைப் பற்றி, சென்ற இதழில் நான் எழுதிய சிறு பதிலைப் படித்துவிட்டு ஐந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஐவரும் ஏறக்குறைய ஒரே காலகட்டத்தை, ஊழியம் முடிந்து வீடு திரும்பும் கடைசி வாரங்களைப் பற்றியே கேட்கிறார்கள் என்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்குகிறேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் அதன் தலைமையகம் இருக்கும், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பல ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில், புறப்பட்டுப் போன பிள்ளைகளையும் திரும்பி வந்த பிள்ளைகளையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 'மோர்மன்' என்ற பெயரைத் தவிர்த்து 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப் பெயரையே வழங்க வேண்டும் என்று 2018-இல் அச்சபையின் தலைவர் கேட்டுக்கொண்டார். கடிதம் எழுதிய எல்லோரும் பழைய பெயரையே எழுதியிருப்பதால் அடையாளத்துக்காக மட்டும் ஓரிரு இடங்களில் அதை வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பிரேசிலில் மிஷனரியாக இருக்கிறான். இரண்டு ஆண்டு ஊழியம் முடிய இன்னும் ஆறு வாரங்களே உள்ளன. வாரந்தோறும் வீடியோவில் பேசும் அவன், ஊர் திரும்பும் நாளைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறானாம். "பிள்ளைக்கு எங்கள் மேல் பாசம் குறைந்துவிட்டதோ" என்று அவன் தாயார் கலங்குகிறார். அவரிடம் நான் என்ன சொல்வது? (ஒரு வாசகி, யூட்டா)

பதில்: மகன் அவரைத் தவிர்க்கவில்லை என்று முதலில் சொல்லுங்கள். நாட்களை எண்ணத் தொடங்கிவிடக் கூடாதே என்று அவன் தன்னைத்தானே காத்துக்கொள்கிறான். மிஷனரிகளிடையே 'டிரங்கி' என்றொரு சொல் புழங்குகிறது. டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டவனைப் போல, உடம்பு இங்கேயும் மனம் வீட்டிலேயுமாக இருப்பவனை அப்படிச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக உழைத்தவனுக்குக் கடைசி மாதத்தில் அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்ற கவலை நன்றாகவே இருக்கும். எந்த விமானம், வந்ததும் என்ன சமைத்து வைக்கட்டும், எந்தக் கல்லூரியில் சேரப் போகிறாய் என்று வீட்டில் ஆசையோடு கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், அவன் சிரமப்பட்டுச் சாத்தி வைத்திருக்கும் கதவைத்தான் தட்டுகிறது.

இந்தக் கடைசிக் காலத்துக்கென்று அவர்களிடம் ஒரு தனிப் பேச்சுவழக்கே உண்டு. மிஷனரிகள் எப்போதும் இருவர் இருவராகவே இருப்பார்கள். சுமார் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமோ துணைவரோ மாறக்கூடும். புதிதாக வருபவரைப் பழக்கும் முதல் துணைவர் அவருக்குத் 'தந்தை' ஆகிறார். ஊழியம் முடிந்து வீடு திரும்புவது 'இறப்பு' என்றும், கடைசி ஆறு வாரங்களில் உடனிருக்கும் துணைவர் அவரைக் 'கொன்றவர்' என்றும் சொல்லப்படுவார். இளைஞர்களின் வேடிக்கைப் பேச்சுதான் என்றாலும், அதில் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பையனை இரண்டு ஆண்டுகளாக யாரும் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை; குடும்பப் பெயருக்கு முன் 'எல்டர்' என்ற பட்டத்தைச் சேர்த்தே எல்லோரும் அழைத்தார்கள். போர்ச்சுகீசிய மொழியில் பேசி, அந்த மொழியிலேயே ஜெபித்து, சில வேளைகளில் அதிலேயே கனவும் கண்ட ஒருவன் விமானம் ஏறியதும் இல்லாமல் போகப் போகிறான். அவனுக்காகத் துக்கப்படும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. அந்தத் துக்கமும் வீட்டு நினைவும் ஒரே நேரத்தில் வரும்போது, எதைப் பேசுவது என்று தெரியாமல்தான் பேச்சை மாற்றுகிறான்.

எங்கள் மாடி வீட்டுப் பையனும் பிரேசிலில் இருந்து திரும்பியவன்தான். வந்த மறுவாரம் தன்னுடைய கறுப்புக் காலணிகளை எனக்குக் காட்டினான். இரண்டு முறை அடித்தோல் மாற்றப்பட்டும், குதிகாலின் வெளிப்பக்கம் மறுபடி சாய்வாகத் தேய்ந்திருந்தது. அதைவிட என் மனத்தில் நின்றது அவன் வைத்திருந்த ஒரு சிறு குறிப்பேட்டின் நகல். யாரைச் சந்தித்தோம், என்ன பேசினோம் என்பதெல்லாம் கைப்பேசிச் செயலியில் பதிவாகியிருந்தாலும், அதில் எழுத இடமில்லாதவற்றைத் தனக்குப் பின் வருபவருக்காகக் கையால் எழுதி, அசலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். இந்தப் பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது, கதவைத் தட்டாமல் சன்னல் பக்கம் போய்க் கையசைக்கவும். இந்த வீட்டில் மூத்த மகன் இறந்தது ஜூன் மாதம், அந்த மாதத்தில் கட்டாயம் ஒருமுறை போய் வரவும். இவர் வரச் சொல்லுவார், ஆனால் வீட்டில் இருக்க மாட்டார், அதற்காக அவரைக் கைவிட வேண்டாம். இப்படிப் பல பக்கங்கள். கடைசி ஆறு வாரங்களின் வேலை என்ன என்று அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தான் இல்லாத நாளிலும் அந்த வீடுகளின் கதவை யாராவது தட்டும்படி ஏற்பாடு செய்வதே அது.

ஆகவே அந்தத் தாயார் இனி வரும் அழைப்புகளில், "எப்போது வருகிறாய்?" என்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் யாரைப் பார்த்தாய்?" என்று கேட்கட்டும். 2019 பிப்ரவரிக்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டுக்குப் பேசும் வழக்கம் இருந்தது. வாராவாரம் பேசும் அனுமதி அதன் பிறகு வந்தது. கிடைத்திருக்கும் அந்த நேரத்தை அவன் இருக்கும் ஊரைப் பற்றிப் பேசுவதற்கே செலவிட்டால், அவன் தானாகவே மனம் திறப்பான். வரும் நாளைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லத்தான் போகிறான்.

கேள்வி: இந்த இளைஞர்களுக்குச் சபை சம்பளம் தருகிறதா? முடித்துத் திரும்பும்போது ஏதேனும் தொகை உண்டா? (ஒரு வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. பிள்ளையோ குடும்பமோதான் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து செல்பவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்த அந்தத் தொகை 2020 ஜூலையில் 500 டாலராக உயர்ந்தது. எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அதே தொகைதான். பல வீடுகளில் பிள்ளை சிறு வயதிலிருந்தே இதற்காகச் சேமிக்கிறது. திரும்பும்போது கையில் இருப்பது இரண்டு பெட்டிகளும், முறையாகப் பணி முடித்ததற்கான விடுவிப்புச் சான்றும்தான்.

கேள்வி: என் மகள் ஜப்பானில் பதினெட்டு மாத ஊழியத்தின் கடைசி மாதத்தில் இருக்கிறாள். "இத்தனை நாள் நடந்தும் ஒரே ஒருவருக்குத்தான் ஞானஸ்நானம் நடந்தது, நான் வந்ததற்கு என்ன பொருள்?" என்று போன வாரம் அழுதுவிட்டாள். தந்தையாக எனக்குப் பதில் தெரியவில்லை. (ஒரு வாசகர், அமெரிக்கா)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். கடைசி மாதம் கணக்குப் பார்க்கும் மாதம். அதுவரை அன்றாட வேலைக்குள் மூழ்கிக் கிடந்தவளுக்கு, முடியும் தேதி கண்ணில் பட்டதும் என்ன மிஞ்சியது என்ற கேள்வி எழுவது இயல்பு. ஒரே நாளில் புறப்பட்ட இருவரில் ஒருத்தி ஞானஸ்நானம் அதிகம் நடக்கும் நாட்டுக்கும் மற்றவள் அரிதாக நடக்கும் நாட்டுக்கும் அனுப்பப்படுகிறார்கள். அந்த எண்ணிக்கை அவர்களுடைய உழைப்பைக் காட்டும் எண்ணிக்கை அல்ல.

மகளிடம் ஆல்மா டெய்லரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அவளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவும் கூடும். 1901-இல் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஹீபர் ஜே. கிராண்டின் தலைமையில் ஜப்பானுக்கு முதன்முதலாக வந்த நான்கு மிஷனரிகளில் அவரே இளையவர்; அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இரண்டு ஆண்டு என்ற வரையறை அவருக்கு இருக்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்து, சபையின் வேதநூல்களில் ஒன்றான மோர்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1909-இல் வெளியிட்ட பிறகு, 1910-இல்தான் புறப்பட்டார். அவர் காலத்தில் சபையில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. 1924-இல் அந்த ஊழியக் களத்தையே மூடிவிட்டார்கள். அப்போது யாராவது கணக்குப் பார்த்திருந்தால் எல்லாம் வீண் என்றுதான் எழுதியிருப்பார்கள். 1948-இல் அது மறுபடி திறக்கப்பட்டது. 1980-இல் ஆசியாவிலேயே அச்சபையின் முதல் ஆலயம் டோக்கியோவில் அர்ப்பணிக்கப்பட்டது. டெய்லர் ஜப்பானை விட்டுப் போய் எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைச் சொல்லி அவள் அழுகையை நிறுத்த வேண்டும் என்பதில்லை. அழட்டும். ஆனால் அந்த 'ஒரே ஒருவர்' யார், எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள்; அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன். படிப்பு, வேலை, திருமணம் பற்றிய பேச்சை இந்த நான்கு வாரங்களுக்கு ஒத்தி வையுங்கள். திரும்பியபின் என்ன செய்வது என்று திட்டமிட உதவும் ஒரு பயிற்சியைச் சபையே கடைசி மாதங்களில் அவர்களுக்குக் கொடுக்கிறது. வீட்டிலிருந்தும் அதே அழுத்தம் வேண்டாம்.

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கிறேன். மிஷனரிகள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பில் என் மனைவிக்கு உதவியாக நானும் போய் வருகிறேன். நன்கு பழகிவிட்ட மிஷனரி ஒருவர் மூன்று வாரங்களில் ஊர் திரும்புகிறார். என்ன பரிசு தரலாம்? போவதற்கு முன் ஞானஸ்நானம் பெற்றுவிடுமாறும் கேட்கிறார். முகம் முறிக்க மனம் வரவில்லை. (ஒரு வாசகர், ஜப்பான்)

பதில்: பரிசு எளிது. அவரிடம் இருப்பவை எடை பார்த்துக் கட்ட வேண்டிய இரண்டு பெட்டிகள். கனமான எதையும் தராதீர்கள். உங்கள் மனைவி தம் கைப்பட ஜப்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதித் தரட்டும். அதை அவர் கடைசிவரை வைத்திருப்பார். விடுவிக்கப்பட்ட பிறகு உங்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள அவருக்குத் தடை ஏதும் இல்லை, முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வேன். ஒருவர் புறப்படும் தேதிக்காக மதம் சார்ந்த முடிவை எடுக்காதீர்கள். அவர் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. தாம் உயர்வாக நம்பும் ஒன்றைப் பிடித்தமானவர்களிடம் விட்டுச் செல்லத் துடிக்கிறார். அந்தத் துடிப்பை மதித்து, "உங்கள் மேல் உள்ள அன்பால் மட்டும் இதைச் செய்ய மாட்டோம், மனத்தில் தெளிவு வந்தால் யார் இருந்தாலும் செய்வோம்" என்று இன்றே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் வரை இழுத்தால் விடைபெறும் நேரம் இருவருக்கும் கசந்துபோகும். அவருடைய துணைவர் அங்கேயேதான் இருப்பார், வகுப்பும் தொடரும்.

கேள்வி: கடைசி நாளில் சரியாக என்ன நடக்கிறது? விமான நிலையத்தில் பதாகைகளோடு கூட்டம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதோடு முடிந்துவிடுகிறதா? (ஒரு வாசகர்)

பதில்: அதோடு முடிவதில்லை. புறப்படுவதற்கு முன், அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசுகிறார். அவரும் அவர் மனைவியும் பொதுவாக மூன்று ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள். பல பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் தாய் தந்தையர் போன்றவர்கள். ஒன்றாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே திரும்புவதால், கடைசி இரவில் மிஷன் தலைவரின் வீட்டில் கூடி உணவருந்தி, தம் நம்பிக்கையைச் சாட்சியாகச் சொல்லிப் பிரிவார்கள்.

ஆனால் விமானம் ஏறியும் அவர் மிஷனரிதான், வந்திறங்கியும் மிஷனரிதான். பல உள்ளூர்ச் சபைகளை உள்ளடக்கிய அமைப்பை 'ஸ்டேக்' என்பார்கள். ஊழியத்துக்குப் போகும்போது தலையில் கைவைத்து அனுப்பியவர் ஊரிலுள்ள ஸ்டேக் தலைவர். விடுவிக்க வேண்டியவரும் அந்தப் பொறுப்பில் இருப்பவரே. ஆகவே பல குடும்பங்கள் விமான நிலையத்திலிருந்து நேராக அவரிடம்தான் போகின்றன. அவர் ஊழியத்தைப் பற்றிக் கேட்டறிந்து, விடுவிப்பதாகச் சொன்ன பிறகே, இரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் இருந்த கறுப்புப் பெயர்ப்பட்டை கழற்றப்படுகிறது. எங்கள் மாடி வீட்டுப் பையன் அதைக் கழற்றிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே வீடு வரை வந்தான் என்று அவன் தாய் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கழுத்துப்பட்டை இல்லாத வெள்ளைச் சட்டையோடு, எங்கள் மாடிப்படியின் கீழ்ப்படியில் அவன் நின்றுகொண்டிருந்தான். தெருமுனைக் கடைக்குப் போக வேண்டுமாம். போவதற்கென்ன என்று கேட்டேன். இரண்டு ஆண்டுகளாகத் துணைவர் இல்லாமல் ஒரு தெருவில்கூட நடந்ததில்லை என்றும், படியை விட்டு இறங்கக் கால் வரவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். போகும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை. திரும்பும்போது, அந்தச் சன்னல் பாட்டியின் பெயரைச் சொல்லி, அங்கே இப்போது மணி என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டான்.