எண்டோமெட்ரியோசிஸும் குழந்தைப்பேறும்: கேள்வி பதில்

டாக்டர், மாதவிலக்கு ரத்தம் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதால்தான் இந்த நோய் வருகிறதாமே?

கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் தந்த விளக்கம் நீங்கள் சொல்வது. ஆனால் பெரும்பாலான பெண்களுக்குக் கருக்குழாய் வழியே உட்படலத் துணுக்குகளோடு கொஞ்சம் ரத்தம் உள்ளே போகத்தான் செய்கிறது. நோய் வருவதோ ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. அந்த வித்தியாசத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வழிதவறி வந்த திசுவைக் கொல்ல வேண்டிய என்.கே. அணுக்கள் (இயற்கைக் கொல்லி அணுக்கள்) சோர்ந்துவிடுகின்றன. கழிவை விழுங்கிச் சுத்தம் செய்யும் மேக்ரோபேஜ் அணுக்கள் கூட்டமாக வந்தும் அதை அப்புறப்படுத்துவதில்லை. மாறாக இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்களை, அதாவது அணுக்களுக்கிடையே சேதி கடத்தும் புரதங்களை, கொட்டி, அந்தத் திசு வேரூன்றவும் புது ரத்தக்குழாய்கள் முளைக்கவும் வழிசெய்துவிடுகின்றன.

எனக்குக் கருக்குழாய் அடைப்பு இல்லை, மாதாமாதம் முட்டையும் வெடிக்கிறது. பிறகு ஏன் கரு தங்கவில்லை?

உங்கள் தவிப்பு புரிகிறதம்மா. ஸ்கேனில் தெரிவது குழாயும் முட்டையும் மட்டுமே. இடுப்புக்குழிக்குள் இருக்கும் திரவத்தில் சைட்டோகைன்கள் மிகுந்தால் விந்தணுவின் ஓட்டம் குறையலாம், முட்டையின் தரமும் கெடலாம். அடுத்தது கருப்பையின் உட்படலம். கரு ஒட்டும் சில நாட்களில் அது எல்.ஐ.எஃப். என்ற சைட்டோகைனைச் சுரக்க வேண்டும். அது இல்லாத எலிகளில் கரு உருவானது, ஆனால் ஒட்டவே இல்லை என்று 1992-இல் காட்டினார்கள். எண்டோமெட்ரியோசிஸில் அழற்சியால் உட்படலம் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனுக்குச் சரியாக இணங்காமல் போகிறது. அதனால் சிலருக்கு எல்.ஐ.எஃப். குறைகிறது. இவ்வளவுக்கும் நடுவில் இயற்கையாகவே கருத்தரிப்பவர்கள் நிறையப் பேர். அதையும் மனதில் வையுங்கள்.

சைட்டோகைன் அளவை ரத்தத்தில் பார்த்தால் நோய் தெரியுமா, மேடம்?

தெரியாது. இந்த நோயில் கூடக்கூடிய சி.ஏ.-125 என்ற ரத்தப் புரதம்கூட மாதவிலக்கு நாட்களிலும், ஃபைப்ராய்டு (கருப்பை நார்க்கட்டி) இருந்தாலும் ஏறும். அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டி.என்.எஃப். தடுப்பு ஊசி இதற்கு உதவுமா?

அந்த ஊசிகளில் ஒன்றான இன்ஃபிளிக்ஸிமாபைச் சோதித்தார்கள். 2008-இல் வெளிவந்த முடிவில், வெற்று மருந்தைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை. ஒரு சைட்டோகைனை அடைத்தாலும் மற்றவை வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

டைனோஜெஸ்ட் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே குழந்தைக்கு முயலலாமா?

கூடாது. வலிக்கு நல்ல மாத்திரை, ஆனால் முட்டை வெளிவருவதைத் தடுத்துவிடும். குழந்தை வேண்டுமென்றால் முதலில் வயதையும், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவையும் பார்ப்போம். சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி இருந்தாலும் அறுவைக்கு அவசரப்படாதீர்கள். கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல முட்டைகளும் சேர்ந்து போய்விடும். அறுவைக்கு முன்பே முட்டையை உறையவைப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.