கேளுங்கண்ணே: யாருக்குக் காட்ட இந்தச் சட்டை?

(பினாங்கு ஜார்ஜ்டவுனில் கேம் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நம் அண்ணன் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

அண்ணே, என் மகனுக்கு வயது பதினைந்து. பள்ளி விடுமுறையில் பி.எஸ்.5 கேம் மெஷினில் ஒரு வாள் சண்டை கேம் ஆடுகிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடுகிற கேம் இல்லை, தனியாக ஆடுவது. போன வாரம் என் கார்டில் 38 வெள்ளி (ரிங்கிட்) போயிருக்கிறது. கேட்டால் “கவசம் வாங்கினேன்மா” என்கிறான். அதைப் போட்டால் பலம் கூடுமா என்றால் கூடாதாம், அழகுக்காம். பார்க்க ஆளே இல்லாத இடத்தில் யாருக்குக் காட்ட இந்தச் சட்டை?
— வாசகி, பட்டர்வொர்த்

தங்கச்சி, உங்கள் கடைசி வரியை என் அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் தையல்காரர். லெபோ பாசாரில், அதாவது நம்ம ஆளுங்க கடைத்தெரு என்று சொல்கிற இடத்தில், ஒரு துணிக்கடையின் ஐந்தடியில் (கடை முன்னால் இருக்கிற கூரை போட்ட நடைபாதையில்) மெஷின் போட்டிருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த கிராணி (குமாஸ்தா) ஒருவர் தீபாவளிக்குத் தீபாவளி வந்து வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுப்பார். காலருக்கு உள்பக்கம், கழுத்தில் படுகிற இடத்தில், நீல நூலில் தன் பெயரைப் போடச் சொல்வார். அதற்கு அப்பா தனியாக 50 காசு வாங்குவார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த நான் ஒருமுறை கேட்டேன், “வெளியே தெரியவே தெரியாதே, எதுக்குப்பா?” தலையைத் தூக்காமலே சொன்னார்: “போடுறப்போ அவருக்குத் தெரியும்ல.”

உங்கள் மகனின் கவசமும் அந்த நீல நூல்தான். அதில் எனக்குக் குறை இல்லை. ஐம்பது மணி நேரம் ஒரு வீரனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவனுக்கு அந்த முதுகு அழகாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயற்கை.

குறை, கேட்காமல் உங்கள் கார்டைத் தொட்டதில்தான். பையனுக்குப் பிள்ளைக் கணக்கு ஒன்று திறந்து, உங்கள் கணக்கின் கீழே சேருங்கள். மாதச் செலவு வரம்பு என்று ஒன்று வரும், அதைப் பூஜ்யமாக வையுங்கள். வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படியும் வைக்கலாம். போன 38 வெள்ளியைத் தீபாவளிக்கு உறையில் வைத்துக் கொடுக்கிற அங்பாவில் கழித்துக்கொள்ளுங்கள். திட்டுவதைவிட அது நன்றாகவே உறைக்கும்.

அண்ணா, தனியாக ஆடுகிற கேமுக்குள் இருக்கிற கடையில் அலங்காரப் பொருளைக் காசுக்கு விற்றாலே இணையத்தில் இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று புரியவில்லை. பலம் தராது, கதையை மாற்றாது, போட்டிக்கும் ஆள் இல்லை. வேண்டாதவன் வாங்காமல் போகலாமே? கேம் செய்யும் செலவும் ஏறிவிட்டது.
— வாசகர், கோலாலம்பூர்

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். செலவு ஏறியது உண்மை. பெரிய கேம்களின் விலை 2020 வாக்கில்தான் 60 டாலரிலிருந்து 70 டாலருக்கு நகர ஆரம்பித்தது. இன்னொன்றும் உண்டு. கேம் வெளிவரப் போகும் கடைசி மாதங்களில் கோளாறு திருத்துகிறவர்களுக்குத்தான் தூக்கம் இருக்காது. படம் வரைகிறவர்களின் வேலை அதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த நேரத்தில் அவர்கள் கூடுதலாக நாலு உடுப்பு வரைந்து, அதைத் தனியாக விற்றால் யாருக்கும் நட்டமில்லை. அது கிராணியின் நீல நூல்.

மற்ற பாதிதான் இடிக்கிறது. அப்பா தைத்த சட்டையில் காலர் இருந்தது, பாக்கெட் இருந்தது, பட்டன் எல்லாம் இருந்தது. பெயர் போடாவிட்டாலும் அது முழுச் சட்டை. அதனால்தான் அந்த 50 காசுக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. மறு வருஷம் பாக்கெட்டை வைக்காமல் தைத்துவிட்டு, “பாக்கெட்டுக்குத் தனிக் காசு, வேண்டாதவங்க வாங்க வேண்டாம்” என்று அவர் சொல்லியிருந்தால்? வாடிக்கை அன்றைக்கே பக்கத்து ஐந்தடிக்குப் போயிருக்கும்.

சட்டையில் பாக்கெட் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கேமில் தெரியாது. இந்தக் கவசம் கூடுதலாக வரைந்ததா, உள்ளே இருந்ததை வெட்டியெடுத்துக் கடையில் வைத்ததா? உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கடை என்று ஒன்று உள்ளே வந்துவிட்டால், இலவசமாகக் கிடைக்கிற உடுப்பெல்லாம் ஏன் இப்படிச் சாக்குப் பை மாதிரி இருக்கிறது என்ற சந்தேகமும் கூடவே வந்துவிடும்.

2024 மார்ச்சில் கேப்காம் வெளியிட்ட டிராகன்ஸ் டாக்மா 2-க்கு நடந்தது இதுதான். பாத்திரத்தின் முகத்தை மாற்றுவதற்கான பொருள் உட்படப் பலதைக் காசுக்கு விற்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆடினாலே கேமுக்குள் கிடைக்கக்கூடியவை, யாரும் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் முதல் நாளே, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மதிப்புரைகள் கவிழ்ந்தன. கம்ப்யூட்டரில் கேம் தடுமாறியதும் ஒரு காரணம்தான். ஆனால் என் கடைக்கு வந்த பையன்கள் தடுமாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “காசு வாங்கத்தான் அங்கிள் இதைக் கஷ்டமா வச்சிருக்காங்க” என்றார்கள். அது உண்மையோ பொய்யோ, அந்த நினைப்பு வந்த பிறகு ஒருவன் எப்படி நிம்மதியாக ஆடுவான்?

இந்தக் கதை புதிதும் இல்லை. 2006 ஏப்ரலில் ஓப்ளிவியன் கேமுக்குக் குதிரைக் கவசம் விற்றது பெதஸ்டா நிறுவனம். எக்ஸ்பாக்ஸில் 200 பாயிண்ட், அதாவது இரண்டரை டாலர், அன்றைக்கு நம்ம காசில் ஒன்பது வெள்ளி. உலகம் முழுக்கச் சிரித்தார்கள், இன்றைக்கும் சிரிக்கிறார்கள். நம்மூர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்போது முழு கேமின் திருட்டு டிஸ்க்கே ஐந்து வெள்ளி (பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது), அதனால் குதிரைக்கு மட்டும் ஒன்பது வெள்ளி என்றால் எங்களுக்கு இன்னும் சிரிப்பு. ஆனால் சிரித்தவர்களில் பலரும் வாங்கினார்கள். இன்றைய கடைகளுக்கெல்லாம் அந்தக் குதிரைதான் முன்னோடி.

மாற்று வழி இல்லையா என்றால் இருக்கிறது. 2015-இல் விட்சர் 3 கேம் வந்தபோது சின்னச் சின்னதாகப் பதினாறு சேர்க்கைகளைச் சும்மாவே கொடுத்தார்கள். தாடி, முடி அலங்காரம், பாத்திரங்களுக்கு மாற்று உடை எல்லாம் அதில் அடக்கம். காசு வாங்கியது பெரிய கதைத் தொகுப்புகள் இரண்டுக்குத்தான். உடையைக் கொடுத்துக் கதையை விற்றார்கள். நானும் இரண்டையும் வாங்கினேன், ஒரு காசு வருத்தமில்லை.

எனக்கு இதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு. தனியாக ஆடுகிற கேமில் உடுப்பு என்பது கூலி. 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில் பெரும்பாலான உடைகள் ஊரைச் சுற்றி வேலை செய்து, வில்லை (டோக்கன்) சேர்த்து எடுக்க வேண்டியவை. ஒரு உடையைப் போட்டுக்கொண்டு கூரையில் நிற்கும்போது, அதற்காக எந்த ராத்திரி எவ்வளவு நேரம் விழித்தோம் என்று ஞாபகம் வரும். பக்கத்தில் அதைவிடப் பளபளப்பான ஒன்றை 20 வெள்ளிக்கு மாட்டி வைத்தால், நான் சம்பாதித்தது மலிவாகிவிடாதா? ஷாடோ ஆஃப் வார் கேமில் 2017-இல் காசுக்கு ஓர்க் எனும் அரக்கப் படையாட்களை விற்றார்கள். அது அலங்காரம் இல்லைதான். ஆனால் காசு கொடுத்து ஆள் வாங்குவது கேமின் உயிர்நாடியையே கெடுக்கிறது என்று செய்தவர்களே அடுத்த வருஷம் ஒத்துக்கொண்டு, அந்தச் சந்தையையே மூடினார்கள்.

ஆக, விற்கட்டும் தம்பி. கேம் வெளிவந்து கொஞ்ச நாள் கழித்து, வெள்ளியில் விலை எழுதி, கேமுக்கு வெளியே இருக்கிற கடையில் விற்கட்டும். நான் குகைக்குள் நுழையும்போது மெனுவில் வந்து கண் சிமிட்ட வேண்டாம்.

லூட் பாக்ஸும் இதே கணக்குத்தானா?
— வாசகர், நிபோங் திபால்

இல்லை. கவசத்தில் எதை வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குகிறோம். லூட் பாக்ஸ் என்கிற பெட்டியில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு போடுகிறோம். அது எக்கோர் (நம்பர் லாட்டரி) எடுப்பதற்குச் சமம். பெல்ஜியத்துச் சூதாட்ட ஆணையம் 2018-இலேயே காசுக்கு விற்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

இவ்வளவு பேசுகிறீர்களே அண்ணே, நீங்கள் ஒருமுறையாவது வாங்கியதுண்டா? உண்மையைச் சொல்லவும்.
— வாசகி, சுங்கை டுவா

உண்டு. எந்த கேம் என்று கேட்காதீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம். கடையில் வேலை இல்லை. கேமுக்குள் இருக்கிற கடையில் கறுப்புத் தோலில் வெள்ளி நூல் வேலை செய்த அங்கி ஒன்று தொங்கியது. தையல்காரர் மகன் கண்ணில் நூல் வேலை பட்டால் விடுமா? விலை 700 காசு. இது வெள்ளிக் காசு இல்லை, கேம் காசு. அந்தக் காசு 500 ஒரு கட்டு, 1050 ஒரு கட்டு என்றுதான் கிடைக்கும். 700 என்று ஒரு கட்டு எங்குமே இல்லை. 1050 வாங்கினேன், 40 வெள்ளி ஆனது. மனைவிக்கு இன்றுவரை தெரியாது, அவர் இந்தப் பத்திரிகை படிப்பவர் என்பதால் நாளையிலிருந்து தெரியும்.

அங்கியை மாட்டிக்கொண்டு கோட்டைக்கு வெளியே வந்தேன். அப்போதுதான் உறைத்தது, அந்த கேம் முழுக்க முழுக்க வீரனின் கண் வழியாகப் பார்க்கிற கேம். எனக்குத் தெரிந்தது இரண்டு கை, இரண்டு கஃப். பொருட்பையைத் திறந்தால் மட்டும் முழு உருவம் நிற்கும். ஒரு மாதம் நான் அந்தப் பையைத் தேவையில்லாமல் திறந்து திறந்து மூடினேன்.

மிச்சம் 350 காசு இன்னும் அந்தக் கணக்கில் கிடக்கிறது. அங்கே இருப்பதிலேயே விலை குறைந்தது ஒரு குதிரைச் சேணம், 400.