வாடகை கராஜில் சொந்தப் பட்டறை: வீட்டுப் பாலிசி போதுமா?

கேள்வி: வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, வரிசையாகக் கட்டப்பட்ட கராஜ்களில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வார இறுதியில் என் பழைய பைக்கைப் பிரித்து மாட்டுவது, கொஞ்சம் வெல்டிங், கொஞ்சம் மரவேலை. எல்லாம் ஆசைக்குத்தான், தொழில் இல்லை. எப்போதாவது நண்பர்களின் வண்டியையும் சரிபார்த்துக் கொடுப்பேன். அவர்களும் ஏதாவது கொடுப்பார்கள். இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போனால், பொறுப்புக் காப்பீடு எடுத்துச் சான்றிதழ் காட்டினால்தான் கையெழுத்து என்கிறார் உரிமையாளர். என் வீட்டுப் பாலிசியிலேயே மூன்றாம் நபர் பொறுப்பு இருக்கிறதே, அது போதாதா? விசாரித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று கைவிரித்துவிட்டது. இன்னொன்று மெக்கானிக் ஷாப்புக்கான பாலிசியைக் காட்டி, வருட வாடகையைத் தாண்டும் பிரீமியம் சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வீட்டுப் பாலிசி இப்போது இருக்கிற நிலையில் அநேகமாகப் போதாது. அதற்காக மெக்கானிக் ஷாப் பாலிசிக்கு உடனே தலையாட்டவும் வேண்டாம். அது தேவையா இல்லையா என்பது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த 'ஏதாவது' என்ற சொல்லில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உரிமையாளர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். பொறுப்புக் காப்பீடு என்றதும், யாரோ வழுக்கி விழுந்து கால் உடைவதுதான் நம் மனதில் வரும். அதுவும் நடக்கும்தான். ஆனால் வரிசைக் கராஜ்களுக்கு ஒரே கூரை, நடுவில் மெல்லிய சுவர். உங்கள் கதவுக்குள் பிடிக்கும் தீ உங்களோடு நிற்காது. கட்டடம் அவருடையது, உள்ளே இருக்கும் வண்டிகளும் சாமான்களும் பக்கத்து வாடகைதாரர்களுடையவை. அவர் கேட்கும் சான்றிதழ் பெரும்பாலும் இந்தத் தீக்காகத்தான்.

வேடிக்கை என்னவென்றால், சாதாரணப் பொறுப்புப் பாலிசிகள் பல கைவிடுவதும் இதே இடத்தில்தான். பாலிசியில் 'விலக்குகள்' என்ற பகுதியைத் திறந்து படியுங்கள். 'காப்பீடு பெற்றவருக்குச் சொந்தமான, அவர் வாடகைக்கு எடுத்துள்ள, அல்லது அவருடைய பராமரிப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள சொத்துக்கு ஏற்படும் சேதம்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். கராஜ் நீங்கள் வாடகைக்கு எடுத்தது. பழுது பார்க்க நிற்கும் நண்பரின் பைக் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது. இந்த ஒற்றை வரியில் இரண்டும் போய்விடுகின்றன. பக்கத்துக் கராஜ்காரரின் நஷ்டத்துக்குப் பணம் வரும், நீங்கள் வாடகைக்கு எடுத்த நான்கு சுவருக்கு வராது என்ற விசித்திரமான நிலை உண்டாகும். 'வாடகை இடத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பு' அல்லது 'வாடகைதாரரின் தீ விபத்துப் பொறுப்பு' என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்களா, அதன் உச்ச வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் முதல் பக்கத்துத் தொகையைவிட மிகக் குறைவான வரம்பு வைப்பது சகஜம். முதல் பக்கத்துப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

'உரிமையாளர்தான் கட்டடத்துக்குத் தீ காப்பீடு வைத்திருக்கிறாரே, எனக்கென்ன?' என்று பலர் கேட்கிறார்கள். அவருடைய நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் நின்று, தீக்குக் காரணமான உங்களிடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். காப்பீட்டுச் சட்டத்தில் இது நெடுங்காலமாக உள்ள உரிமை. வாடகைதாரர் மீது இதைப் பயன்படுத்த எந்த அளவுக்கு விடுவார்கள் என்பது ஊருக்கு ஊர், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதனால் பேச்சுவார்த்தையில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: உங்கள் மீதான மீட்பு உரிமையைத் தன் நிறுவனம் விட்டுக்கொடுப்பதாக அவருடைய பாலிசியில் ஒரு சேர்ப்பு (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் வாசகம்) எழுதி வாங்கித் தர முடியுமா என்று. அவர் சம்மதித்தால் உங்கள் தலையில் இருக்கும் பாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். கேட்பதற்குச் செலவில்லை.

ஒப்பந்தத்தையும் கையோடு பாருங்கள். 'எந்தக் காரணத்தால் எந்தச் சேதம் நேர்ந்தாலும் வாடகைதாரரே முழுப் பொறுப்பு' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டப்படி உங்கள் மேல் விழும் பொறுப்பைத்தான் பாலிசி ஏற்கும். நீங்களாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட கூடுதல் பொறுப்பைப் பல பாலிசிகள் விலக்கிவிடும். மின்கசிவு உரிமையாளரின் பழைய வயரிங்கால் வந்தாலும் நீங்கள் கைக்காசைப் போட வேண்டியிருக்கும். 'வாடகைதாரரின் கவனக்குறைவால் ஏற்படும் சேதம்' என்று அந்த வாசகத்தை மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 'ஏதாவது'. காப்பீட்டு நிறுவனங்கள் பொழுதுபோக்கையும் தொழிலையும் பிரிப்பது, நீங்கள் அதை எப்படி அழைக்கிறீர்கள் என்பதை வைத்து அல்ல. பணம் கைமாறுகிறதா, அடிக்கடி நடக்கிறதா, விளம்பரம் செய்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். உதிரிபாகத்தின் விலையை மட்டும் நண்பர் தந்தால் வாதாட இடமுண்டு. வேலைக்கென்று ஒரு தொகை வாங்கிவிட்டால், வீட்டுப் பாலிசியின் 'தொழில் நடவடிக்கை' விலக்கு எட்டிப் பார்க்கும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நீங்கள் பிரேக் மாட்டிக் கொடுத்த வண்டி, பத்து நாள் கழித்துச் சாலையில் பிரேக் பிடிக்காமல் போய் யார் மேலாவது மோதினால்? அந்தப் பொறுப்பு கராஜ் வாசலைத் தாண்டி உங்களைத் துரத்தும். முடித்துக் கொடுத்த வேலையால் பின்னால் விளையும் சேதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு; அது தொழில் பாலிசிகளில்தான் ஒழுங்காகக் கிடைக்கும்.

ஆகவே என் கருத்து இது: ஒன்று, அடுத்தவர் வண்டியைத் தொடுவதை அடியோடு நிறுத்துங்கள், நட்புக்காகக் கூட. அல்லது, தொழில் என்று ஒப்புக்கொண்டு அதற்கான பாலிசியை வாங்கி, அந்தப் பிரீமியத்தை ஈடுகட்டும் அளவுக்குக் கூலி வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மிக மோசமான இடம். வருடத்துக்கு நாலைந்து வண்டி என்றால் நிறுத்துவதே மேல் என்பேன். சம்பளத்துக்கு உதவியாளர் வைப்பதாக இருந்தால் கதை இன்னும் மாறும். அவருக்கு அடிபட்டால் பொறுப்புப் பாலிசி பேசாது, தொழிலாளர் இழப்பீட்டுக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

வெறும் பொழுதுபோக்கு என்று முடிவானால், நீங்கள் கேட்க வேண்டிய ஆள் புது நிறுவனம் அல்ல, இப்போதைய வீட்டுக் காப்பீட்டு நிறுவனம்தான். தொலைபேசியில் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். இவ்வளவு போதும்:

'இந்த முகவரியில் உள்ள கராஜை வாடகைக்கு எடுத்து, என் சொந்த வண்டிகளைப் பழுது பார்க்கவும் மரவேலைக்கும் மட்டும் பயன்படுத்துகிறேன். வெல்டிங், கிரைண்டிங் செய்வதுண்டு. கட்டணம் வாங்கி எந்த வேலையும் செய்வதில்லை. என் பாலிசியின் தனிநபர் பொறுப்புப் பிரிவு இந்த இடத்துக்குப் பொருந்துமா? வாடகைக் கட்டடத்துக்கு நான் ஏற்படுத்தும் தீச் சேதத்துக்கும் பொருந்துமா? இல்லையென்றால் சேர்ப்பு மூலம் நீட்டிக்க முடியுமா? உரிமையாளரின் பெயரையும் கூடுதலாகக் காப்பீடு பெற்றவராகச் சேர்க்க முடியுமா?'

பதில் எழுத்தில் வரட்டும். பல வீட்டுப் பாலிசிகள் தனிநபர் பொறுப்பை எங்கு சென்றாலும் தொடர விட்டாலும், பாலிசியில் குறிப்பிடாத வாடகை இடத்தில் நேரும் விபத்தை மட்டும் விலக்கி வைத்திருக்கும். முகவரியைச் சேர்த்தால் அந்தச் சிக்கல் தீர வாய்ப்புண்டு. அவர்கள் மறுத்தால் ஒரு புரோக்கரிடம் போங்கள். ஒரே நிறுவனத்தின் ஏஜென்ட்டிடம் அந்த நிறுவனத்தின் பாலிசிதான் இருக்கும். பொழுதுபோக்குப் பட்டறை, பழைய வாகனச் சேகரிப்பு போன்றவற்றுக்குத் தனித் திட்டம் வைத்திருக்கும் நிறுவனம் எது என்று புரோக்கருக்குத் தெரியும்.

வெல்டிங் என்று எழுதினால் பிரீமியம் ஏறுமே என்று அந்த வரியை விழுங்கிவிடத் தோன்றும். வேண்டாம். 1766இல் கார்ட்டர் எதிர் போம் என்ற இங்கிலாந்து வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொன்னதிலிருந்து காப்பீட்டின் அஸ்திவாரம் இதுதான்: ஆபத்தை எடை போடுவதற்கான தகவல் காப்பீடு கேட்பவரிடமே இருக்கிறது, அதை மறைத்தால் ஒப்பந்தம் நிற்காது. பிரிட்டன் 2012இல் தனிநபர்களுக்கு இந்த விதியைத் தளர்த்தியது. ஆனாலும் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் தராதபடி நியாயமான கவனம் காட்டும் கடமை அங்கும் உண்டு. தீப்பிடித்த இடத்துக்குச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கண்ணில் முதலில் படுவது வெல்டிங் மெஷின்தான்.

பாலிசி கிடைத்ததும் நிபந்தனைகளைப் படியுங்கள். தீயணைப்பான், மூடியுள்ள கேனில் மட்டும் எரிபொருள், அதுவும் இவ்வளவுக்கு மேல் கூடாது, வெல்டிங் முடிந்தபின் இத்தனை நேரம் அங்கேயே காவல் இருக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். இந்தக் காவல் நேரம் சும்மா போட்ட விதி இல்லை; அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 51பி தரநிலை 2019 பதிப்பில் அதை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாக்கியது. வேலை முடிந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்புகிறவருக்குப் பிரீமியம் கட்டியும் க்ளெய்ம் சிக்கலாகலாம்.

மரவேலை என்றீர்கள். பாலிஷுக்கு ஆளி விதை எண்ணெய் தொடுவீர்கள் என்றால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், சில மணி நேரம் கழித்துத் தானே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் பற்றியது இப்படித்தான். 22ஆம் மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன துணிகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீ 30ஆம் மாடியில் ஸ்பிரிங்க்ளர்கள் (தானாக நீர் தெளிக்கும் கருவிகள்) இருந்ததால் அங்கே நின்றது. கட்டடத்தைக் கடைசியில் இடித்தே தள்ளினார்கள். துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் மூடி வையுங்கள். இத்தகைய கவனக்குறைவுக்கும் பணம் தருவதுதான் பொறுப்புக் காப்பீடு, வேண்டுமென்றே செய்ததற்கு மட்டும் தராது. இருந்தும் நிபந்தனையை மீறியது தெரிந்தால் வழக்கு இழுக்கும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? உங்கள் மாத வாடகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வரிசையைத் திரும்பக் கட்ட என்ன ஆகும், பக்கத்தில் நிற்கும் வண்டிகளின் மதிப்பு என்ன, ஒரு மனிதருக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டால் உங்கள் ஊர் நீதிமன்றம் என்ன கொடுக்கச் சொல்லும் என்று கூட்டிப் பாருங்கள். பொறுப்புக் காப்பீட்டில் வரம்பை இரட்டிப்பாக்கினால் பிரீமியம் பொதுவாக இரட்டிப்பாவதில்லை. பணத்தை மிச்சம் பிடிக்க விரும்பினால், வரம்பைத் தொடாமல், க்ளெய்மில் நீங்களே கட்டும் கைப்பங்குத் தொகையை உயர்த்திக்கொள்ளுங்கள். வக்கீல் செலவு இந்த வரம்புக்குள் கழியுமா, அதற்கு மேல் தனியாக வருமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

உங்கள் டூல்ஸ், மெஷின், பைக் எதுவும் இதில் வராது. அதற்குத் திருட்டு, தீ என்று வேறு காப்பீடு; விலை உயர்ந்தவற்றின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்தால் போதும், மற்றது உங்கள் விருப்பம். நண்பர்களிடம் 'உன் பொறுப்பில்தான் உள்ளே வருகிறாய்' என்று எழுதி வாங்குவதை நம்பிப் பாலிசியைத் தவிர்க்காதீர்கள். பல இடங்களில் அது செல்லாது, சிறுவர்கள் விஷயத்தில் சுத்தமாகச் செல்லாது.

கராஜைக் காலி செய்தாலும் பாலிசித் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். விபத்து நடந்த தேதியை வைத்துப் பொறுப்பேற்கும் பாலிசி என்றால், வழக்கு இரண்டு வருடம் கழித்து வந்தாலும் பழைய பாலிசியே பேசும். க்ளெய்ம் வந்த தேதியை வைத்து என்றால், நிறுத்தும்போதே, பின்னால் வரும் க்ளெய்முக்கான நீட்டிப்புக் காலம் தனியாக வாங்க வேண்டும். இரண்டில் உங்களுடையது எது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.