மூன்று சிலிண்டரும் ஒரு ஜெபக் கூட்டமும்

தம்பி, பாளையங்கோட்டையில் இருந்தவரை உபவாசம், கிராம ஊழியம் என்று ஓடிக்கொண்டிருந்தீர்கள். கொழும்புக்கு வந்த நான்கு மாதத்தில் எல்லாம் மந்தமாகிவிட்டது. "இவ்வளவு வசதியில் இருந்துகொண்டு ஆண்டவருக்காக எதை விட்டுக்கொடுப்பது, இங்கே விடுவதற்கு என்ன கஷ்டம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்காரன். வேலைக்கென்று வந்து இந்த ஊரிலேயே தங்கிப்போனவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வசதி கொழும்பில் இல்லை, கம்பெனி கொடுத்த உங்கள் கொள்ளுப்பிட்டி ஃபிளாட்டில் இருக்கிறது. லிஃப்ட், ஜெனரேட்டர், வாசலில் செக்யூரிட்டி. தெருவில் நடப்பது எட்டாவது மாடிக்கு ஏறி வராது.

இன்னொன்று. தியாகம் என்றதும் இங்கே எல்லாரும் 2019ஐ எடுப்பார்கள். ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை, ஆராதனை நேரத்தில் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி கோவில், மட்டக்களப்பு சீயோன் சபை. அங்கே செத்தவர்கள் தியாகம் செய்யவென்று கிளம்பிப் போனவர்கள் இல்லை. பண்டிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள். அந்தச் சாவை எடுத்து நம் பிரசங்கத்துக்குப் பூ வைப்பது எனக்குப் பிடிக்காது. நீங்கள் கேட்பது, யாரும் பறிக்காதபோது நாமாக எதைக் கொடுப்பது என்பது. அதில் நான் தோற்ற கதை ஒன்று உண்டு.

2022, இலங்கையின் பொருளாதார நெருக்கடி. கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, பால்மா (பால்பவுடர்) இல்லை. ஜனங்கள் விடியற்காலையிலேயே வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள். என் வீட்டு பால்கனியில், பழைய படுக்கை விரிப்பால் மூடி, மூன்று நீலச் சிலிண்டர் இருந்தன. மூன்றும் 12.5 கிலோ, மூன்றும் நிறைந்தவை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். "கேஸ் இல்லாமல் கஷ்டப்படும் குடும்பங்களுக்காக ஜெபிப்போம்" என்று விண்ணப்பம் சொன்னது நான்தான். ஜெபித்தோம். கண்ணீரோடுகூட ஜெபித்தோம். முடிந்ததும் எல்லாருக்கும் டீ. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் இருக்கும் ஒரு வயதான அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "நாலு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சூடா ஒரு வாய் குடிக்கிறேன் மகன்" என்றார். விறகு வைத்து எரிக்க வீட்டுச் சொந்தக்காரர் விடவில்லையாம்.

அன்று ராத்திரி நான் கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது: ஒன்று போனால் மிச்சம் இரண்டு, மாதத்துக்கு ஒன்று, அதற்கு மேல் நீண்டால்? மூன்றாம் நாள் என் மனைவி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒன்றை த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

ஊரில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாகக் கலயத்தில் போடுவார், சபைக் காணிக்கைக்கு. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அளந்து பொங்கும் வீட்டில் ஒரு பிடி குறைந்தால் பானையில் தெரியும். இங்கே மாதம் பிறந்தால் தசமபாகத்தை, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை, பேங்க் ஆப்பில் அனுப்பிவிடுகிறேன், எந்தப் பானையிலும் தெரிவதில்லை. அர்வனா களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றபோது, இலவசமாய் வாங்கிக் கர்த்தருக்குப் பலியிடமாட்டேன் என்று தாவீது ராஜா 50 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தாரே, அந்தப் பகுதியை எத்தனை தடவை வாசித்திருப்பேன். பால்கனியில் இரண்டு சிலிண்டரைப் பார்த்த பிறகுதான் அது உறைத்தது.

வெளிநாட்டுக்கு வந்தவன் என்று பார்த்தால், இந்த ஊரில் நமக்கு சீனியர் ஜோசப் வாஸ். கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கப் பாதிரியார். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரை நசுக்கிய காலத்தில், 1687இல், நம் தூத்துக்குடியில் கப்பலேறி மாறுவேஷத்தில் யாழ்ப்பாணம் வந்தார். தமிழும் சிங்களமும் படித்தார். கண்டியில் அம்மை நோய் பரவியபோது நோயாளிகளை விட்டுப் போகாமல் கூடவே இருந்தார். 2015இல் போப் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். சிஎஸ்ஐக்காரர்களான (தென்னிந்தியத் திருச்சபை) நமக்குப் பட்டத்தில் ஆட்சேபம் இருக்கலாம், மனிதரில் இருக்க முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சிங்களம் படியுங்கள். சனிக்கிழமைத் தூக்கம் போகும், போகட்டும். அப்புறம், உங்கள் ஃபிளாட்டில் சமைக்க மலையகத்திலிருந்து வந்த ஓர் அக்கா இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஆராதனை முடிந்து வரும்போது சாப்பாடு மேசையில் தயாராக இருக்கிறது என்றால், ஞாயிறு காலை அவர் எங்கே இருந்தார்? கோவிலோ கும்பிடோ தூக்கமோ, அவர் இஷ்டம். அந்த ஒரு நாள் நீங்கள் பாணும் (பிரெட்) பருப்பும் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மட்டக்குளியில் சனி மாலை 4 மணிக்குப் பிள்ளைகள் பதினைந்து பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு ஃபேன், அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பும். கொசு நிறைய. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தவர் கனடா போய்விட்டார். ஒரு வாரம் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளைகள் அப்படிப் பல பேரைப் பார்த்துவிட்டார்கள். வருவதாக இருந்தால் டிசம்பர் பரீட்சை முடியும்வரை வாருங்கள்.