பழைய கார், பழைய தகடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

1960 அம்பாசடர் மார்க் 1 வைத்திருக்கிறேன். வழவழப்பான பானெட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சேலம்)

வேண்டாம். மார்க் 1 பானெட்டில், அம்பாசடருக்கு மூலமான பிரிட்டிஷ் கார் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வழியில் வந்த வரிப்பள்ளங்கள் இருக்கும். அதையே தேடுங்கள். கிடைக்கும்வரை இருப்பதைக் கழற்றாதீர்கள்.

பாடியில் துருப்பிடித்த ஓட்டையை அடைக்க ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) போதுமா? (திருச்சி)

கூடாது. வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்து புகையும். டிங்கருக்கும் கெடுதல், இணைப்பும் பலமாக இராது. 20 கேஜ் தடிமனில் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத, குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) வாங்குங்கள்.

பிரீமியர் பத்மினி காருக்கு முன் மட்கார்டு இரண்டும் புதிதாகப் போட்டேன். கதவுப் பக்கம் விரல் நுழைகிறது. பழையதை எடைக்குப் போட்டுவிட்டேன். பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் பசை) வைத்து மூடலாமா? (மதுரை)

எந்த வருட வண்டி, சில் (கதவுக்குக் கீழே ஓடும் பாடித் தகடு) வெட்டினார்களா, எதையும் எழுதவில்லை. இப்படி எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது?

எனக்குத் தாங்காதது அந்த எடைக்குப் போட்ட விஷயம். துருப்பிடித்த மட்கார்டு குப்பை அல்ல. அதன் விளிம்பு வளைவும் போல்ட் ஓட்டைகளும்தான் உங்கள் வண்டியின் அளவு. கடையில் விற்கும் நகல்களில் பல அந்த வளைவில் ஏமாற்றும். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழசு இருந்தால் ஒரு மணி நேரத்தில் தட்டிச் சரிசெய்யலாம். ஐந்நூறு ரூபாய் இரும்புக்காக அதை இழந்துவிட்டீர்கள். புது பேனல் மாட்டி, இடைவெளி பார்த்து, பெயிண்டும் காயும்வரை பழைய தகட்டை வெளியே விடாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் கேட்பார் இல்லை.

இனி செய்ய வேண்டியது: பத்மினிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே தாங்குகிறது. முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டியிருந்தால் கதவு வாசலே கோணியிருக்கும். முதலில் அதை நிமிர்த்துங்கள். பின்கதவைப் பின் மட்கார்டுக்கும், முன்கதவைப் பின்கதவுக்கும் பொருத்துங்கள். கடைசியில்தான் முன் மட்கார்டு. இடைவெளி 4, 5 மி.மீ. இருந்தால் போதும். அதன் பிறகும் அகலமாக இருந்தால் விளிம்பில் மெல்லிய கம்பி வைத்து வெல்ட் பிடித்து ராவச் சொல்லுங்கள். பட்டி 2 மி.மீ.க்கு மேல் போனால் வெயிலிலும் அதிர்விலும் வெடிக்கும். இடைவெளியை மூட அது ஆகவே ஆகாது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பானெட் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. (கோவை)

ஹெரால்டில் பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கீலைத் திருகும் முன் சேஸிக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் துண்டுகளைப் பாருங்கள். அங்கே ஒன்று நசுங்கியிருந்தால் கதவும் சேர்ந்து கோணும். பாடி, கதவு, பிறகு பானெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

காந்தம் ஒட்டினால் ஒரிஜினல் பேனல்தானே? (நெல்லை)

இல்லை. காந்தம் பட்டியைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். நகலும் இரும்புதான். கதவு வாசல் விளிம்பில் மாட்டியிருக்கும் ரப்பர் பீடிங்கைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள்: சீரான இடைவெளியில் ஸ்பாட் வெல்டிங் குழிகள் இருந்தால் கம்பெனி வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் வெல்டிங் தழும்பு இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.