நேனான் கேட்காத தியாகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'தி அன்நோன்' (1927) மௌனப்படம் பார்த்தேன். சர்க்கஸில் கையில்லாதவனாக நடிக்கும் அலோன்சோ, ஆண்களின் கை பட்டாலே நடுங்கும் நேனானுக்காகத் தன் இரண்டு கைகளையும் உண்மையாகவே எடுத்துவிடுகிறான். திரும்பி வந்தால், அவள் பலசாலி மலபாரைக் கல்யாணம் செய்யத் தயாராக நிற்கிறாள். இது துரோகம் இல்லையா? மனசே ஆறவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

எனக்கும் ஆறவில்லைதான். ஆனால் துரோகம் என்று சொல்ல மாட்டேன். நேனான் அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவனுக்குக் கைகள் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

அலோன்சோ போலீஸ் தேடும் ஆள். ஒரு கையில் இரட்டைக் கட்டைவிரல். அதை மறைக்கத்தான் கைகளை உடம்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு சர்க்கஸில் ஒளிந்திருக்கிறான். நேனானின் அப்பாவை அவன் கழுத்தை நெரித்துக் கொல்லும்போது, அவள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது அந்த விரலை மட்டும்தான். ஆக, கைகள் போனால் காதலுக்கும் வழி பிறக்கும், கொலைக்கான சாட்சியும் அழியும். இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாதபடி முடிச்சுப் போட்டிருக்கிறார் இயக்குநர் டாட் ப்ரௌனிங். பதின்வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கார்னிவல் கூட்டத்தோடு சேர்ந்தவர் அவர். கூடாரத்தில் உடம்புதான் மூலதனம் என்பது அவர் வாழ்ந்து தெரிந்துகொண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேனானின் பயம் தெரிந்தே, அவளைக் கட்டிப்பிடி என்று மலபாரைத் தூண்டிவிடுவதே அலோன்சோதான். அவள் பயம் தீராமல் இருப்பதுதான் அவனுக்கு வசதி. அவன் ஊரில் இல்லாத நாட்களில், மலபாரோடு பழகிப் பழகி அந்தப் பயம் போய்விடுகிறது. அது அவளுக்குக் கிடைத்த விடுதலை அல்லவா?

எனக்கு மறக்கவே முடியாத இடம் சிகரெட் காட்சி. கைகள் கட்டவிழ்ந்து சும்மா கிடக்க, யோசனையில் மூழ்கிய அலோன்சோ கால்விரல்களால் சிகரெட் பிடிக்கிறான். கூட்டாளி கோஹோ பார்த்துச் சிரித்த பிறகுதான் அவனுக்கே அது உறைக்கிறது. கைகளை எடுத்துவிடும் எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. (காலால் செய்யும் நுண்வேலைகளில், அலோன்சோவாக நடித்த லான் சேனிக்குப் பதிலாகச் செய்தவர் பால் டெஸ்ம்யூக், நிஜமாகவே கைகள் இல்லாதவர்.)

அப்புறம் அந்தச் செய்தியை அவன் கேட்கும் காட்சி. மலபாரின் கைகளைத் தடவியபடி, இப்போது பயமே இல்லை என்கிறாள் நேனான். அலோன்சோ சிரிக்கிறான். சிரிப்பு பெருகி, முகம் கோணி, ஓலமாகிறது. அவர்களோ சந்தோஷம் என்று நினைத்துக் கூடவே சிரிக்கிறார்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த சேனி, சைகையையும் முகத்தையும் மொழியாகக்கொண்டு வளர்ந்தவர். கேமரா முன்னால் நிற்பது வேறு, நடிப்பது வேறு என்று இந்தப் படத்தில் அவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டதாக, நேனானாக நடித்த ஜோன் க்ராஃபோர்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி? பழையதென்றால், ஜார்ஜ் ஈஸ்ட்மன் மியூசியம் 2022இல் மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். செக் நாட்டில் கிடைத்த ஒரு பிரதியின் உதவியால், காணாமல்போயிருந்த சுமார் 10 நிமிடங்கள் அதில் திரும்பிவந்திருக்கின்றன.